மாற்றிசையும் விநியோகத்தின் உடைமையும்: 1980களின் பிற்பகுதி அமெரிக்கக் கல்லூரி றொக் இசைத்தட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

1

கலையாக்கமொன்றின் சமூக இயல்பினை ஆராய முற்படுவோர் வழக்கமாக எழுப்பும் வினா, அது தன் காலத்து உற்பத்தி உறவுகள் பற்றி எத்தகைய நிலைப்பாட்டினைக் கொண்டுள்ளது என்பதாகும். அவ்வுறவுகளை அது ஏற்கிறதா, எதிர்க்கிறதா என்று கேட்டு, விடைக்கேற்ப அதனை முற்போக்கானது என்றோ நசிவுத் தன்மையுடையது என்றோ வகைப்படுத்திவிடுகிறோம். வால்ற்றர் பெஞ்சமின் 1934 ஆம் ஆண்டில் எழுதிய ‘உற்பத்தியாளனாக எழுத்தாளன்’ என்னும் கட்டுரையில் இதற்கு முற்பட்டதாக வேறொரு வினாவை முன்வைத்தார். உற்பத்தி உறவுகளைப் பற்றிப் படைப்பு என்ன கருதுகிறது என்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள்ளே அது எவ்விடத்தில் நிற்கிறது என்று கேட்கவேண்டும் என்பது அவர் வாதம். உற்பத்திச் சாதனங்களின் அமைப்பை மாற்ற முனையாதவிடத்து, புரட்சிகரமான கருப்பொருளைக்கூட முதலாளித்துவப் பிரசுர அமைப்பு யாதோர் இடர்ப்பாடுமின்றி உள்வாங்கிக்கொள்ளும் என்பதையும் அவர் அன்றே சுட்டினார்.

இவ்விரண்டாவது வினாவைச் சோதித்து நோக்குவதற்கு வாய்ப்பானதொரு வரலாற்று நிகழ்வு, 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்து அத்தசாப்தத்தின் இறுதியில் உச்சமெய்திய ‘கல்லூரி றொக்’ இசையாகும். பின்னர் ‘மாற்று றொக்’ என்ற பெயரால் உலகெங்கும் விற்பனையானதும் இதுவே. இதனைப் பற்றிய கருத்துகள் பொதுவாக இரு முனைகளில் நின்றுவிடுகின்றன. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1947 இல் நூலாக வெளியிட்ட ‘அறிவொளியின் இயங்கியல்’ முன்வைத்த பண்பாட்டுக் கைத்தொழில் என்னும் கருத்தாக்கத்தைப் பொறிமுறையாகப் பிரயோகிப்போர், இதுவும் மத்தியதர வர்க்க இளைஞரின் பொழுதுபோக்குச் சரக்கே என்று தள்ளிவிடுவர். மறுபுறத்தே, இரைச்சலிலும் கிழிந்த ஆடையிலும் கலகத்தைக் கண்டு மகிழும் விமர்சகர், இதனை அமைப்புக்கு எதிரான எழுச்சி என்று கொண்டாடுவர். இவ்விரு சாராரும் ஒலியையே பார்க்கின்றனர். அவ்வொலி எவருடைய செலவில் பதிவாகி, எவருடைய களஞ்சியங்களின் வழியாகக் கேட்போனை அடைந்தது என்பதைப் பார்ப்பதில்லை. ‘மாற்று’ என்பது முதலில் ஓர் உற்பத்தி உறவையே குறித்தது என்பதும், அது ஒரு பாணியின் பெயராக மாறியபொழுதே அதன் தோல்வி நிகழ்ந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

2

முதலில் இவ்விசை எதற்கு மாற்றாக எழுந்தது என்பதைத் தெளிவுபடுத்துதல் அவசியம். 1980களில் மேற்குலக இசைத்தட்டுக் கைத்தொழில் வேகமாக ஒருமுகப்பட்டது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1986 இல் ஜேர்மனியின் பேட்டல்ஸ்மன் குழுமத்தின் வசமாயிற்று. சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தை ஜப்பானின் சோனி 200 கோடி டொலருக்கு வாங்கியமை 1988 சனவரியில் நிறைவேறிற்று. ஐலண்ட், ஏ அன்ட் எம் ஆகிய இரு கம்பனிகளையும் 1989 இல் பொலிகிராம் விழுங்கியது. 1990 இல் கெபன் நிறுவனம் எம்.சி.ஏ. வசமாயிற்று. இவ்வாறு வோர்ணர், சோனி, பேட்டல்ஸ்மன், பொலிகிராம், ஈ.எம்.ஐ., எம்.சி.ஏ. என்னும் ஆறு குழுமங்கள் உலகின் இசைத்தட்டு வணிகத்தில் பெரும்பகுதியைத் தம்முள் பகிர்ந்துகொண்டன. இவற்றின் உண்மையான வலிமை இசைக்கலைஞரை ஒப்பந்தம் செய்வதில் தங்கியிருக்கவில்லை. தட்டுகளை நாடெங்கும் களஞ்சியப்படுத்திக் கடைகளுக்கு அனுப்பும் விநியோக வலையையும், வர்த்தக வானொலியில் ஒரு பாடலை இடம்பெறச் செய்வதற்கான பெரும் விளம்பரச் செலவையும் அவையே தாங்க வல்லனவாயிருந்தன. 1981 ஓகஸ்ட் 1 இல் தொடங்கிய எம்.ரி.வி. தொலைக்காட்சி இச்செலவை மேலும் உயர்த்தியது. பாடலுடன் நிழற்படச் சுருளும் தயாரிக்கவேண்டிய நிலை ஏற்பட்டது.

இக்காலத்து அரசியற் பின்னணியும் நினைவிற்கொள்ளற்பாலது. றேகன் நிருவாகம் 1981 இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000 பேருக்கு மேற்பட்டோரைப் பணிநீக்கஞ் செய்து தொழிற்சங்க இயக்கத்துக்குப் பலத்த அடி கொடுத்தது. மத்திய அமெரிக்காவில் அதன் தலையீடு பல்கலைக்கழக வளாகங்களில் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. இச்சூழலில் வளர்ந்த இளைஞரில் ஒரு பகுதியினருக்கு வர்த்தக வானொலியின் இசை தம் வாழ்வோடு தொடர்பற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

3

இவர்களுக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு கல்லூரி வானொலியாகும். ஐக்கிய அமெரிக்காவில் பண்பலை வரிசையின் 88 முதல் 92 மெகாஹேட்ஸ் வரையான பகுதி, வர்த்தக நோக்கமற்ற கல்வி நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. வானொலிப் பெட்டியின் முள் இடப்புறத்தே சென்று நிற்கும் பகுதி அது. அங்கே பல்கலைக்கழகங்கள் நடத்திய சிறு நிலையங்கள் 10 வாற்று வலுவிலேயே ஒலிபரப்பி வந்தன. 1978 இல் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, இத்தகைய சிறு நிலையங்களுக்குப் புதிதாக அனுமதி வழங்குவதை நிறுத்தியதோடு, உள்ளவை 100 வாற்றுக்கு உயராவிடின் அலைவரிசைப் பாதுகாப்பை இழக்கும் நிலையையும் உண்டாக்கியது. சிறியோரை ஒதுக்குவதாய் அமைந்த இவ்விதி எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. பல கல்லூரிகள் தம் நிலையங்களின் வலுவைப் பெருக்கின. வளாகத்துக்குள் அடங்கியிருந்த ஒலி நகரத்தை எட்டியது. விளம்பரதாரரின் கட்டுப்பாடற்ற மாணவ அறிவிப்பாளர், வேறெங்கும் ஒலிக்காத இசைத்தட்டுகளை ஒலிபரப்பினர். 1978 இல் தொடங்கிய ‘சி.எம்.ஜே.’ என்னும் ஏடு இந்நிலையங்களில் ஒலிபரப்பானவற்றைத் தொகுத்து வரிசைப்படுத்தி, சிதறிக் கிடந்த நிலையங்களை நாடளாவிய ஒரு வலையாக இணைத்தது.

வானொலிக்கு அப்பால் சிறு வெளியீட்டு நிறுவனங்களும் தோன்றின. கலிபோர்னியாவில் கிறெக் ஜின் 1978 இல் தொடங்கிய எஸ்.எஸ்.ரி., வாஷிங்டனில் இயன் மக்கேயும் ஜெப் நெல்சனும் 1980 இல் தொடங்கிய டிஸ்கோட், மினியாப்பொலிசின் ருவின்/ரோன், சிக்காகோவின் ரச் அன்ட் கோ ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றிற் பலவற்றைத் தொடங்கியோர் இசைக்கலைஞரே. அஞ்சல்வழி விற்பனை, கையால் ஒட்டி நகலெடுத்த சிறுசஞ்சிகைகள், ஊர்கள்தோறும் சிறு மண்டபங்கள், இசைக்கருவிகளோடு கலைஞரையும் ஏற்றிச் செல்லும் ஒரு பழைய வான் என்பனவே இவ்வமைப்பின் உற்பத்திச் சாதனங்கள். கலைஞர் பலர் பகலில் வேறு தொழில் செய்தே வாழ்ந்தனர்.

4

இவ்வுற்பத்தி நிலைமைகள் இசையின் உருவத்திற் பதிந்துள்ளன. உருவத்தைத் தனியே எடுத்துப் போற்றுவோரும் உள்ளடக்கத்தை மட்டுமே தேடுவோரும் காணத் தவறுவது இத்தொடர்பையே.

இதற்கு முன்னோடியாக 1984 யூலையில் எஸ்.எஸ்.ரி. வெளியிட்ட இரு இரட்டைத் தட்டுகளைக் கூறலாம். மினியாப்பொலிசைச் சேர்ந்த ஹஸ்கர் டூ குழுவின் ‘சென் ஆர்கேட்’ ஒன்று. கலிபோர்னியத் துறைமுக நகரான சான் பெட்றோவின் தொழிலாளர் சூழலில் வளர்ந்த மினற்மென் குழுவின் ‘டபிள் நிக்கல்ஸ் ஒன் த டைம்’ மற்றது. வீட்டை விட்டு வெளியேறும் இளைஞனொருவனின் கதையைத் தொடர்ச்சியாகக் கூறும் ‘சென் ஆர்கேட்’டின் ஒலிப்பதிவுச் செலவு ஏறத்தாழ 3200 டொலர் மட்டுமே. பாடல்களிற் பெரும்பாலானவை ஒரே தடவையில் இசைத்துப் பதியப்பட்டன. அத்தட்டில் நாம் உணரும் அவசரமும் கரடுமுரடும் அழகியல் தெரிவாக மாத்திரம் அமைந்தவையல்ல. கலையக வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தமையின் தடயங்களும் அவற்றில் உண்டு. ஆயின் அந்நெருக்கடியையே அவர்கள் வெளிப்பாட்டு வலுவாக மாற்றினர் என்பதிலேதான் அவர்தம் கலைத்திறன் அடங்கியுள்ளது.

நியூ யோர்க்கைச் சேர்ந்த சொனிக் யூத் குழு 1988 ஒக்ரோபரில் வெளியிட்ட ‘டேட்றீம் நேஷன்’ இதனை மேலும் தெளிவுறுத்தும். மரபான முறையில் சுருதி சேர்க்கப்படாத கித்தார்கள் எழுப்பும் விசித்திரமான ஒத்திசைவுகளே இக்குழுவின் அடையாளம். அவர்கள் தொடக்கத்தில் வாங்க முடிந்தவை மலிவான கித்தார்களே. அவை வழமையான சுருதியில் நன்கு ஒலிக்கவில்லை. எனவே ஒவ்வொரு கருவிக்கும் அதற்குப் பொருந்திய ஒரு சுருதியை அவர்கள் கண்டறிந்தனர். வறுமையிற் பிறந்த உத்தி, பின்னர் ஓர் இசைமொழியாக முதிர்ந்தது. 2005 ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இத்தட்டைச் சேர்த்துக்கொண்டமை அதன் பிற்கால மதிப்பைக் காட்டும்.

பொஸ்ரனைச் சேர்ந்த பிக்சீஸ் குழுவின் ‘சேர்பர் றோசா’ 1988 இல் வெளிவந்தது. மெல்லொலியும் பேரொலியும் திடீரென மாறிமாறி வரும் அமைப்பு இக்குழுவின் சிறப்பு. இத்தட்டைப் பதிவுசெய்த ஸ்ரீவ் அல்பினி, அறையின் இயல்பான எதிரொலியோடு கருவிகளை உள்ளவாறே பதிவதைக் கொள்கையாகக் கொண்டவர். தாம் பெற்றது செய்த வேலைக்குரிய கூலியே என்று கருதிய அவர், தட்டின் விற்பனையில் உரிமைத் தொகை பெறுவதை மறுத்தார். ஒலியைப் பற்றிய கொள்கையும் கூலியைப் பற்றிய கொள்கையும் அவரிடத்தே ஒன்றாகவே இருந்தன.

ஜோர்ஜியாவின் அதென்ஸ் நகரத்து ஆர்.ஈ.எம். குழுவின் போக்கு வேறுபட்டது. 1983 இல் வந்த ‘மேர்மர்’ தட்டில் பாடகர் மைக்கல் ஸ்ரைப்பின் சொற்கள் இசைக்குள் அமிழ்ந்து தெளிவின்றி ஒலித்தன. 1987 இல் வந்த ‘டொக்கியுமென்ற்’ தட்டில் அதே குரல் தெளிவாக முன்னிற்கிறது. அமெரிக்கா இலத்தீன் அமெரிக்காவில் தலையிடுவதையும், மக்கார்த்தி காலத்து வேட்டை மனப்பான்மை மீள எழுவதையும் அது பாடுகிறது. 1954 ஆம் ஆண்டுச் செனற் விசாரணையில் மக்கார்த்தியை ஜோசப் வெல்ச் கண்டித்த குரற்பதிவே ஒரு பாடலினுள் சேர்க்கப்பட்டுள்ளது. இவ்வளவில் இது வெளிப்படையான அரசியற் படைப்பு. ஆயின் அக்குழுவின் தட்டுகளில் முதன்முதலாகப் பத்து இலட்சம் பிரதிகள் விற்பனையானதும் இதுவே. இதனை வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தின் விநியோகம் அப்பொழுது எம்.சி.ஏ. கையில் இருந்தது. உள்ளடக்கம் அரசியற் கூர்மை பெற்ற அதே கணத்திற் படைப்பு பெருமுதலின் விநியோக வலைக்குள் ஆழமாகச் சென்றது. பெஞ்சமின் சுட்டிய முரண்பாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

5

இவ்விடத்து விநியோகம் என்னும் பிரச்சினை மையத்துக்கு வருகிறது. சிறு நிறுவனங்கள் ஒலிப்பதிவுக்கான சாதனங்களைத் தம்வசப்படுத்தின; ஆனால் நாடளாவிய விநியோகத்தை அவற்றால் தம்வசப்படுத்த இயலவில்லை. ‘சென் ஆர்கேட்’டின் முதற் பதிப்பை எஸ்.எஸ்.ரி. ஐயாயிரம் பிரதிகள் அளவிலேயே அச்சிட்டது. அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. பத்திரிகைகள் போற்றிய தட்டு வாரக்கணக்கிற் கடைகளில் இல்லாது போயிற்று. அதிக பிரதிகளை முன்கூட்டியே அச்சிட்டு, விற்றபின் பணம் வரும்வரை காத்திருக்க மூலதனம் வேண்டும். சிறு வெளியீட்டாளன் திணறியது இவ்விடைவெளியிலேயாகும். 1988 இல் அமெரிக்காவில் விற்ற இறுவட்டுகளின் எண்ணிக்கை வைனல் தட்டுகளை விஞ்சியபொழுது, உற்பத்திச் செலவு கூடிய இப்புதிய வடிவம் பழைய பாடல்களின் களஞ்சியத்தைக் கைக்கொண்டிருந்த பெருங்கம்பனிகளுக்கே முதலில் ஆதாயமளித்தது.

இதன் விளைவாகக் கலைஞர் ஒருவர் பின் ஒருவராகப் பெருங்கம்பனிகளை நாடினர். றிபிளேஸ்மென்ற்ஸ் 1985 இல் வோர்ணர் குழுமத்தின் சயர் நிறுவனத்துக்குச் சென்றது. ஹஸ்கர் டூ 1986 முதல் வோர்ணருக்காக இரு தட்டுகளைத் தந்து 1988 இற் கலைந்தது. ஆர்.ஈ.எம். அதே நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, ஜனாதிபதித் தேர்தல் நாளான 1988 நவம்பர் 8 இல் ‘கிறீன்’ தட்டை வெளியிட்டது. சொனிக் யூத் 1990 இல் கெபனின் கிளை நிறுவனத்துக்குச் சென்றது. இவற்றைத் தனிமனிதரின் கொள்கைத் துரோகமாகக் காண்பது மேலோட்டமான ஒழுக்கவியற் பார்வையாகும். தம் தட்டுகள் கடைகளிற் கிடைக்கவேண்டும், உரிய பணம் உரிய வேளையில் வரவேண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பே பலரை உந்தியது. சிறு மூலதனமும் மூலதனமே, எஸ்.எஸ்.ரி. நிறுவனத்துக்கும் அதன் கலைஞர் சிலருக்குமிடையே உரிமைத் தொகைக் கணக்குகள் பற்றிப் பிணக்குகள் எழுந்தன. பிரித்தானியாவில் ‘சுயாதீனம்’ என்பதற்குத் தெளிவான வரைவிலக்கணம் இருந்தது. 1980 இல் அங்கு தொடங்கிய சுயாதீன இசை வரிசையில் இடம்பெற, தட்டின் விநியோகம் பெருங்கம்பனிகளைச் சாராதிருத்தல் வேண்டும். ஒலிப் பாணி எதுவாயினும் தடையில்லை. ஆயினும் அவ்வமைப்பின் முதுகெலும்பாயிருந்த றஃப் ரிறேட் விநியோக நிறுவனம் 1991 இல் நிதிநெருக்கடியால் வீழ்ந்தது. அதனை நம்பிய சிறு வெளியீட்டாளர் பலர் பாதிப்புற்றனர்.

பெருங்கம்பனியிடம் சென்றவர் பெற்றதென்ன? அல்பினி 1993 இல் ‘த பாவ்லர்’ என்னும் ஏட்டில் எழுதிய கட்டுரையொன்றில், கற்பனையான ஓர் இசைக்குழுவின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஐந்தொகையாகவே கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கின்படி குழுவின் தட்டு 250,000 பிரதிகள் விற்கிறது. கம்பனி 710,000 டொலர் இலாபமடைகிறது. குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 4000 டொலர் பெறுகின்றனர். அதன் பின்னரும் உரிமைத் தொகைக் கணக்கில் அவர்கள் கம்பனிக்கு 14,000 டொலர் கடனாளிகளாக நிற்கின்றனர். ஒலிப்பதிவு, நிழற்படச் சுருள், சுற்றுலா ஆகியவற்றின் செலவெல்லாம் கலைஞரின் பங்கிலிருந்தே கழிக்கப்படுவதும், பதிவின் உடைமை மட்டும் கம்பனியிடமே தங்குவதும் இதற்குக் காரணம். உபரி மதிப்பு அபகரிக்கப்படும் முறையினை, மார்க்சியக் கலைச்சொல் ஒன்றேனும் இல்லாமல், இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இசையெழுத்து வேறு அதிகமில்லை.

6

இயக்கத்தின் வர்க்க எல்லைகளையும் மறைத்தலாகாது. கல்லூரி வானொலி கல்லூரியை அடைந்தோரின் வானொலி; அதன் கலைஞரும் கேட்போரும் பெரும்பாலும் வெள்ளையின மத்தியதர வர்க்கத்தினர். ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகை 1988 ஆம் ஆண்டுக்காக நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் ‘டேட்றீம் நேஷன்’ இரண்டாமிடத்தையே பெற்றது. முதலிடம் பெற்றது பப்ளிக் எனிமி என்னும் கறுப்பினக் குழுவின் இசைத்தட்டாகும். விமர்சகர் ஒரே பட்டியலில் வைத்த இவ்விரண்டையும் வானொலி அமைப்பு வெவ்வேறு உலகங்களாகவே பிரித்து வைத்தது. றொக் இசையின் வேர்கள் கறுப்பின மக்களுடையவை. அவ்வாறிருந்தும் றொக் இசைக்கும் கறுப்பினக் கலைஞருக்கு 1985 இல் நியூ யோர்க்கில் ‘கறுப்பு றொக் கூட்டணி’ என்றோர் அமைப்பை நிறுவவேண்டியிருந்தது. மாற்று எனப்பட்டதற்குள்ளும் மாற்று தேவைப்பட்டது.

பாணியாக மாறும் செயற்பாடு விரைவாகவே நிகழ்ந்தது. எம்.ரி.வி. 1986 இல் இவ்விசைக்கென நள்ளிரவு நிகழ்ச்சியொன்றைத் தொடங்கியது. 1988 செப்ரெம்பரில் ‘பில்போட்’ சஞ்சிகை இதற்கெனத் தனி வரிசையை வெளியிடலாயிற்று. 1991 இல் கிறாமி விருதுகளில் ‘மாற்றிசை’ ஒரு பிரிவாயிற்று. அவ்விருதுக்கு முதலில் தெரிவான அயர்லாந்துப் பாடகி சினெயிட் ஓ’கொனர், இசைத்துறையின் வணிகப் போக்கைக் கண்டித்து அதனை ஏற்க மறுத்தார். சிறு நிறுவனமொன்றில் 1989 இல் ஏறத்தாழ 600 டொலர் செலவில் முதல் தட்டைப் பதிவுசெய்த நிர்வாணா குழு, 1991 செப்ரெம்பரில் கெபன் வழியாக வெளியிட்ட ‘நெவர்மைன்ட்’ 1992 சனவரியில் பில்போட் வரிசையின் முதலிடத்தை அடைந்தது. அதன்பின் ‘மாற்று’ என்பது கடையின் ஒரு தட்டாங்கின் பெயராயிற்று.

எனினும் இதனை மாற்றவியலா விதியாகக் கொள்வதற்கில்லை. வாஷிங்டனின் பியூகாசி குழு 1987 இல் தோன்றியது. 1988 இல் ஏழு பாடல்களைக் கொண்ட சிறுதட்டையும் 1990 இல் ‘றிப்பீற்றர்’ தட்டையும் தன் சொந்த நிறுவனமான டிஸ்கோட் வழியாகவே வெளியிட்டது. நுழைவுச் சீட்டை ஐந்து டொலர் அளவில் வைத்திருத்தல், எவ்வயதினரையும் அனுமதித்தல், எழுத்து ஒப்பந்தமின்றிக் கலைஞருடன் இலாபத்தைப் பகிர்தல், பெருங்கம்பனிகளின் அழைப்பை மறுத்தல் என்பன இவர்களின் நடைமுறை. டிஸ்கோட் நிறுவனம் தட்டுகளைத் தயாரித்து விநியோகிப்பதில் இலண்டனின் சதர்ன் என்னும் மற்றொரு சுயாதீன நிறுவனத்தின் துணையைப் பெற்றது. அதாவது, கொள்கை உறுதியோடு விநியோகத்துக்கான நேசசக்தியொன்றும் இருந்தமையாலேயே இவர்கள் நிலைத்தனர். அவர்களின் இசை ஏனையோரின் இசையைவிடக் கலகத்தன்மை மிக்கது என்பதனாலன்று.

இன்று ஒரு பாடலைப் பதிவதற்கும் உலகின் எம்மூலைக்கும் அனுப்புவதற்கும் ஆகும் செலவு 1980களில் எவரும் கற்பனை செய்திராத அளவு குறைந்துள்ளது. எனினும் இணையவழிப் பாடல் சேவைகளின் உடைமை சில நிறுவனங்களிடமே குவிந்துள்ளமையால், உற்பத்தியின் சனநாயகமும் விநியோகத்தின் ஏகபோகமும் ஒருங்கே வளர்கின்றன. கல்லூரி றொக் தட்டுகள் எதிர்நோக்கிய வினா தீர்ந்துவிடவில்லை, வடிவமே மாறியுள்ளது. படைப்பின் குரல் எவ்வளவு உரத்தது என்று கேட்பதோடு, அக்குரலைச் சுமந்து செல்லும் பாதை எவருடையது என்றும் கேட்டல் வேண்டும். இவ்விரண்டாவது வினாவைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் முற்போக்கு விமர்சனம், எவ்வளவு கடுமையான சொற்களைக் கையாண்டாலும், ஒலியை மாத்திரம் கேட்கும் விமர்சனமாகவே எஞ்சும்.